மணிச் சத்தம் கேட்கிற வீடு

கெங்கம்மாளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஓரகத்தி திரௌபதிக்கு மலையடிவாரத்துச் சந்தவாசலில் வாடகை வீடு அமைந்துவிட்டது, அதுதான் நோய். இந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்!

அதுவும் எப்பேர்ப்பட்ட வீடு! மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. பிள்ளைகளின் படிப்புக்காக மலையை விட்டு இறங்குகிறவர்கள் பெருகின பிறகு, அங்கே வாடகை பேசுகிற பேச்சே மாறிவிட்டது. தண்ணீர் வருமா, கூரை ஒழுகுமா என்று யாரும் கேட்பதில்லை. "இஸ்கூல் மணி காதுல வுழுதா?" என்றுதான் கேட்கிறார்கள். மணி கேட்கிற வீடு என்றால் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசுவார். திரௌபதிக்கு அமைந்தது மணி கேட்கிற வீடு.

மலைமேல் புளிமரத்தூரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். பஸ் வந்தால் வாத்தியார் வருவார். மழை பெய்தால் பஸ் வராது. ஆறாம் வகுப்புக்கு ஒரு மலையை ஏறி இறங்கி அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அங்கேயும் கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"அங்க பாடத்துக்கு ஒரு டீச்சரு, அக்கா. கம்ப்யூட்டரு கூட கீது. புள்ளைங்களே தொட்டுப் பாக்கலாமாம்," என்று திரௌபதி வாசலில் நின்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கெங்கம்மாளால் பார்க்க முடியவில்லை. முறத்திலிருந்த சாமையைத் தேவைக்கு மேல் வேகமாகப் புடைத்தாள்.

"நல்லா இருங்க. யார் வேணாம்னது?" என்றாள்.

வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. கெங்கம்மாளின் மகள் பிரியதர்ஷினியும் திரௌபதியின் மகள் நிவேதாவும் ஒரே வகுப்பு, இரண்டும் இப்போதுதான் ஐந்து முடித்தன. பிரியா எப்போதும் முதல். நிவேதா அவளைப் பார்த்து எழுதித்தான் ஐந்து வருஷத்தை ஓட்டினாள், அது வாத்தியாருக்கே தெரியும். பார்த்து எழுதின பிள்ளை கம்ப்யூட்டரைத் தொடப் போகிறது, எழுதிக் காட்டின பிள்ளை மாட்டைத் தொடப் போகிறதா? அடி வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

புருஷன் தனசேகரனிடம் கேட்டும் பார்த்துவிட்டாள். "நாமளும் எறங்கிடலாமா? புள்ள படிக்கணும் இல்ல?"

"எறங்கி இன்னா பண்ணுவ? சின்னராசுக்குப் போளூர்ல லாரி வேல கீது, அவன் போறான். நெலத்த யாரு பாப்பா, உங்கப்பனா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சின்னராசு அவன் தம்பி, திரௌபதியின் புருஷன். தம்பி போகலாம், அண்ணன் போகக்கூடாது. எந்த ஊர் நியாயம் இது?

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையை விட்டுக் கீழே குடி போவதென்றால் வேடியப்பன் கோயிலில் பூக்கட்டிக் கேட்காமல் யாரும் சட்டி பானையைத் தூக்க மாட்டார்கள். இரண்டு தேக்கிலை, ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. குடும்பத்தில் கடைசிப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் அந்த வருஷம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓடையில் விட்டுவிட வேண்டும். சாமி சொல்லாததை மனுஷன் பார்க்கக்கூடாது என்பது சட்டம்.

பொட்டலம் கட்டுவது மூத்த மருமகள். மூத்த மருமகள் கெங்கம்மாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அவள் கட்டினாள். முதல் இலையில் சிவப்பு வைத்தாள். இரண்டாவது இலைக்கு வெள்ளையை எடுத்தாள். கை நின்றது. மணிச் சத்தம் கேட்கிற வீடு, கம்ப்யூட்டர், திரௌபதி முகத்து வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. வெள்ளைப் பூவைப் புதரில் வீசிவிட்டு இன்னொரு சிவப்பை வைத்து நாரால் இறுக்கிக் கட்டினாள். அப்பா சாமி, ஒரே ஒரு வருஷம், அவளும் என்னை மாதிரி இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமியையே ஏமாற்றிவிட்டுச் சாமியிடமே வேண்டுதல், என்ன துணிச்சல் பாருங்கள்!

பூசாரி முனியன் கற்பூரம் காட்டினார். நிவேதாவைவிட மூன்று மாதம் சின்னவள் என்பதால் எடுக்க வேண்டியவள் பிரியா. அவள் கண்ணை மூடி, கையை நீட்டி, இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். முனியன் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு இல்ல. அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார்.

சின்னராசு தலையைத் தொங்கப் போட்டான். திரௌபதியின் முகத்து வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. கெங்கம்மாளுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. நாலாவது நாளான இன்றைக்குச் சோறு இறங்கும் என்று நினைத்தாள்.

அப்போது நிவேதா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்ப பிரியாவும் அந்த இஸ்கூலுக்கு வர மாட்டாளா?"

"பிரியாவா?" என்றான் தனசேகரன்.

திரௌபதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா மாமா. ரெண்டு புள்ளைக்கும் சேத்துதான் எடம் சொல்லி வச்சிட்டு வந்தேன். எங்கூடவே வச்சிப் படிக்க வைக்கலாம்னு. முன்னாடியே சொன்னா நீங்க வேணாம்னுடுவீங்க. சாமி உத்தரவு குடுத்துட்டா உங்களால தட்ட முடியாதுன்னு இருந்தேன். அவ இல்லாம என் பொண்ணு எங்க படிக்கப் போவுது? எல்லாம் போச்சி."

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்கிறவர்களைப் பற்றி ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். கெங்கம்மாள் அறுத்தது மகளின் மூக்கை. அந்த எதிரியும் எதிரி இல்லை.

பிரியா அழவில்லை. சிவப்பு எடுத்த தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சித்தி தப்பா எடுத்துட்டேன்," என்றாள்.

முனியன் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பினார். அது தண்ணீரில் போய்விட்டால் தீர்ந்தது, உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் மானம் போகும். மூடினால் பிள்ளையின் படிப்பு போகும், அந்தக் கைமேல் பழியும் நிற்கும்.

கெங்கம்மாள் ஓடிப்போய் முனியன் கையைப் பிடித்தாள். "வுடாத சாமி. பிரி."

"இன்னாம்மா இது? பிரிக்கக் கூடாது."

அவளே பிடுங்கி நாரைக் கடித்து அறுத்தாள். இலை விரிந்தது. இன்னொரு சிவப்பு.

தனசேகரன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான், சின்னராசு குறுக்கே விழுந்து தடுத்தான். "பொறாம. வேற ஒண்ணும் இல்ல. அவ மட்டும் போறாளேன்னு எனுக்கு வயிறு எரிஞ்சிது," என்றாள் கெங்கம்மாள். பிரியா அம்மாவைப் பார்த்தாள். ஓங்கின கைகூட அப்படி வலித்திருக்காது.

முனியன் இரண்டு சிவப்பையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். "சாமி இன்னும் பேசவே இல்ல. இது மனுசி பேசுனது. மறுபடி கட்டுங்க," என்றார்.

இந்த முறை திரௌபதி எல்லார் கண்முன்னாலும் கட்டினாள். பிரியா எடுக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நிவேதா அவள் கையைப் பிடித்து இழுத்துவர, இரண்டு கையும் சேர்ந்து எடுத்தன. வெள்ளை.

கோயில் படி இறங்கும்போது திரௌபதி நின்றாள். "புள்ளைய அனுப்பு. எம்புள்ள மாதிரி பாத்துக்கறேன். ஆனா நீ அந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது." அக்கா என்று சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாவது வாரம் கெங்கம்மாள் புளி விற்கிற சாக்கில் சந்தவாசலுக்கு வந்தாள். அந்தத் தெருவுக்குள் போகவில்லை, முனையில் சைக்கிள் கடை ஓரமாகக் கூடையோடு நின்றாள். திரௌபதி படியில் உட்கார்ந்து பிரியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, ரிப்பனைக் கட்டி, முந்தானையால் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிரியா அவள் மடியில் கையை ஊன்றி எழுந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

கெங்கம்மாளுக்கு மறுபடி வயிறு எரிந்தது. பழையபடியே, அதே இடத்தில்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டும் கை கோத்துக்கொண்டு ஓடின. மணி தெருமுனை வரைக்கும் நன்றாகக் கேட்டது.