மீசைக்குப் பிடித்த பூஞ்சணம்

முழங்கால் இரண்டையும் தனித்தனியாகச் சமாதானப்படுத்தி ஸ்டூலில் ஏறி, புருசன் படத்துக்கு மாலை போடப் போன தெரேசம்மா, மாலையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தனியின் மீசை மாறியிருந்தது. நேற்றுவரை அது மூக்குக்கும் வாய்க்கும் நடுவே குறுக்கே படுத்துக் கிடந்த ஒரு கரடிக்குட்டி. இன்றைக்கு மெல்லிசாக, இரண்டு முனையும் மேல்நோக்கிச் சுழித்து, மனிதர் ஏதோ சிற்றரசைப் பிடித்துவிட்டு வந்து படத்துக்கு உட்கார்ந்தவர்போல இருந்தார். உயிரோடு இருந்தபோது தேயிலை ஸ்டோரில் கொழுந்து உலர்த்தியவர். தவறிக் கொழுந்தை மிதித்துவிட்டால் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அவருக்கு ஏது இந்த மிடுக்கு?

பெல்மதுளைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் பெய்கிற மழைக்குப் பூஞ்சணம் பிடிக்காத பொருள் என்று ஒன்று கிடையாது. செருப்பைக் கழற்றிவைத்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அதில் கீரை பறிக்கலாம். அசையாமல் உட்கார்ந்து செபம் சொன்னால் சொல்கிற ஆளுக்கே பிடித்துவிடும் என்பதால்தான் அங்கே எல்லோரும் செபத்தைச் சுருக்கமாக முடித்தார்கள். மறுநாள் அந்தனியின் நினைவுப் பூசை. அதற்காக வீட்டைத் துடைத்துக் கழுவ தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து வழக்கமாக வருகிற விஜயகலாவைக் கூப்பிட்டிருந்தாள் தெரேசம்மா.

விஜயகலா சேலையை இழுத்துச் செருகி வாளியைத் தூக்கினால், பூஞ்சணம் தானே மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விடும். சுவரைத் துடைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் பளிச்சென்று இருக்கும். ஒரேயொரு குறை, அவள் இருக்கிற இடத்தில் சாமான்கள் தாமாகவே உடையும். மின்விசிறியின் கழுத்து அப்படித்தான் போனது. பிளெண்டரின் மூடியும் அப்படியே. 'ஒடைச்சிட்டேன்' என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. எப்போதும் 'ஒடைஞ்சிருச்சி'தான். எம்பிலிப்பிட்டியவில் டயர் கடையில் வேலை செய்யும் மகன் லோரன்ஸ் போனில் முடிவாகச் சொல்லியிருந்தான்: "இன்னும் ஒரு சாமான் போச்சின்னா அந்த அக்காவ நிப்பாட்டிருங்கம்மா."

நிப்பாட்டினால் அந்த மேட்டுக்கு வேறு யார் ஏறி வருவார்கள்? வேலைகூடக் கிடக்கட்டும். யார் மகள் யாரோடு பஸ் ஏறினாள், கோயில் கமிட்டியில் யார் யார் சட்டையைப் பிடித்தார்கள் என்பதை யார் வந்து சொல்வது? விஜயகலா வராத நாளில் அந்த வீட்டில் தேத்தண்ணிகூட மௌனமாகத்தான் ஆறும்.

ஆனாலும் மீசை மீசைதானே. தெரேசம்மா ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

"கலா, இங்க வா. இந்தப் படத்த என்னாடி செஞ்ச?"

"தொடச்சேன். நீங்கதான பெரியம்மா தொடைக்க சொன்னீங்க."

"மீச எங்க?"

"ஏன், இருக்கே."

"இது யாரு மீச?"

விஜயகலா கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, நகைக்கடைக்காரர் கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பெரியப்பாவோடதுதான். ஆளு இன்னிக்கி ஷோக்கா இருக்காரு."

தெரேசம்மா படத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அந்தச் சுழிப்பை எங்கேயோ கண்ட ஞாபகம். பிறகுதான் பிடிபட்டது. விஜயகலாவின் நெற்றியில், கண்ணுக்கு மேலே, மைப்பென்சிலால் தீட்டிய இரண்டு புருவங்கள். அதே ஏற்றம், அதே முனை. புருசனின் உதட்டுக்கு மேலே வேலைக்காரியின் புருவம் உட்கார்ந்திருந்தது.

"ஒன் புருவத்தக் கொண்டாந்து அவரு வாயில வச்சிருக்கியே, பாவி."

"எனக்கு வரையத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் பெரியம்மா." அவள் கொஞ்சமும் அசரவில்லை. "கண்ணாடிக்குள்ள பூஞ்சணம் எறங்கியிருந்திச்சி, கழட்டினேன். வாய்க்கு மேல கறுப்பா அப்பியிருந்திச்சி. அதுவும் பூஞ்சணந்தான்னு ஈரத்துணிய வச்சேன். வந்திருச்சி."

"மீசையப் பூஞ்சணம்னு நெனப்பாளா ஒருத்தி?"

"எத்தன வீட்டுல எத்தன தாத்தாமாரத் தொடச்சிருக்கேன். ஒருத்தரு மீசையும் துணியோட வந்ததில்ல. போட்டோவுல எடுத்த மீச எப்பிடி பெரியம்மா துணியில வரும்?"

தெரேசம்மா கையிலிருந்த மாலையை ஸ்டூல்மேல் வைத்தாள். லோரன்ஸ் தவழ்ந்துகொண்டிருந்தபோது அந்தனி போய்ச் சேர்ந்தார். இருந்த ஒரே படம் அடையாள அட்டைப் படம். அதில் அவர் உதட்டுக்கு மேலே நாலைந்து மயிர்கள், அவையும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவைபோலத் தள்ளித் தள்ளி. அவருக்கு வாழ்நாள் முழுக்க வளர்ந்தது அவ்வளவுதான். படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, நல்லாத் தடிப்பா ஒரு மீசை வச்சிருங்க என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னவள் அவள்தான். அவரும் மையில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவள் சேற்றில் விழுந்தாலும் கையில் ஒரு மீனோடுதான் எழுந்திருப்பாள் என்று தெரேசம்மாவுக்குத் தோன்றியது. வரவேண்டிய கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறியது.

சாயந்தர பஸ்ஸில் லோரன்ஸ் வந்தான். அவனுக்கு முன்னால் அவன் மீசை வாசல்படி ஏறியது. அரும்பு விட்ட நாளிலிருந்து அப்பாவின் படத்தைப் பார்த்துப் பார்த்து உரம் போடாத குறையாக வளர்த்த தடித்த மீசை. பையை வைத்துவிட்டு, வழக்கம்போலப் படத்துக்கு முன்னால் போய் நின்றான். நின்றவன் நகரவில்லை.

"யாரு இதுல கை வச்சது?"

தேத்தண்ணித் தட்டோடு வந்த விஜயகலா தட்டை அவசரமாக மேசையில் வைத்தாள். அவள் முகத்தில் அதுவரை யாரும் காணாத ஒரு நிறம். "தம்பி, அது வந்து, நான்தான்..." என்று ஆரம்பித்தாள். பிறந்ததிலிருந்து அவள் சொல்லியிராத, 'ட்டேன்' என்று முடிகிற ஒரு சொல் உதட்டு நுனிவரை வந்துவிட்டதைத் தெரேசம்மா கண்டாள்.

"உங்கப்பா மீச அப்பிடித்தான்டா இருந்துச்சி," என்று குறுக்கே விழுந்தாள். "இத்தன வருசமாப் பூஞ்சணம் புடிச்சி ஊதிக் கெடந்துச்சி. கலா தொடச்ச பொறவுதான் மனுசன் மொகமே தெரியிது."

விஜயகலா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தன்னிலும் பெரிய வித்துவானைச் சபையில் கண்டவளின் பார்வை அது.

"பூஞ்சணமா?" லோரன்ஸின் விரல் மெல்ல ஏறித் தன் மீசையைத் தொட்டது. "அப்ப நான் வச்சிருக்கிறது?"

தெரேசம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள். மழை கூரைத் தகரத்தில் விழ ஆரம்பித்தது.

விடிந்ததும், பூசைக்கு முக்காடு எடுக்கப் போன தெரேசம்மா அடுப்படி ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தாள். துணிக்கொடிக் கம்பில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, முகமெல்லாம் சோப்பு நுரையோடு லோரன்ஸ் நின்றான். பக்கத்தில் வாளியை இடுப்பில் இடுக்கியபடி விஜயகலா.

"அந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம் மேல தூக்கணும் தம்பி."

"இப்பிடியா அக்கா?"

"சரி, அப்பிடியேதான். கைய எடுக்காதீங்க." ஈர விரலால் அவள் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவின்மேல் கத்தியைக் கொண்டுபோனான்.