முப்பது அடிக் கான்

ரமேஸ் மூன்றாவது தடவையாக லயத்து வரிசை வீட்டு வாசலில் இறங்கி, மழைக்குக் கையைத் தலையில் வைத்துக்கொண்டு, மயானத்துப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தான். மாமனாரின் சவப்பெட்டியைத் தாங்கியிருந்த வாங்குப் பலகைகளைச் சுற்றி வந்து மாமியாரிடம் குனிந்தான்.

"அத்தை, மணி பத்தரையாச்சு. இன்னும் குழிக்கு ஆள் போகல."

வீரம்மா, பெட்டிக்குள் கிடந்த புருஷன் பெரியதம்பியின் சட்டைக் காலரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கண்டி மலர்ச்சாலையில் பிணத்தைக் குளிப்பாட்டி மாட்டிவிட்ட சட்டை கழுத்தில் தொளதொளவென்று கிடந்தது. மனுஷன் உயிரோடு இருந்தால் இதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்ட யாரையும் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. சங்குச் சத்தம் கேட்டதும் லயத்துக்கு இரண்டு பேர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தாங்களாகவே நடப்பார்கள். செத்தவன் குடிகாரனா, பெண்டாட்டியை அடித்தவனா என்று பார்க்கமாட்டார்கள். ஆளைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் குழி வெட்டினார்கள் என்றால் அந்தக் குடும்பம் அப்புறம் லயத்தில் தலை நிமிர முடியாது. இன்று விடிந்ததிலிருந்து சங்கு மூன்று முறை ஊதியாகிவிட்டது. கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகையில் நாற்பது ஆண்கள் மழைக்கு ஒதுங்கி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டை வேண்டாம் என்றவர்களுக்குச் சாவு வீட்டு லீவை மட்டும் விட மனமில்லை.

"கீழ ரோட்டு வேலைக்கு பெக்கோ மெசின் ஒன்னு நிக்குது. டிரைவர்ட்ட கேட்டுட்டேன். அரை மணித்தியாலத்துல தோண்டிருவாராம்" என்றான் ரமேஸ்.

"நாயப் பொதைக்கிற மாதிரியா?" என்று மகள் டிலானி சீறினாள்.

"பின்ன என்ன செய்யச் சொல்ற? நாலு மணிக்கு எடுக்கணும். மழையும் விடுற மாதிரி இல்ல."

"பெக்கோ வேணாம் மாப்ள" என்றாள் வீரம்மா. அதற்கு மேல் அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இல்லை என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மம்பட்டி. பெரியதம்பி கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலையை அரித்துக்கொண்டு போகாமல் மலையில் குறுக்கே வாய்க்கால் போலக் கான் வெட்டி விடுவது அவர் வேலை. ஸ்டோரில் கொடுக்கிற மம்பட்டி அதற்கு லாயக்கில்லை. வாய் அகலம், கானின் கரை இரண்டையும் இடிக்கும். இடிந்த மண் உள்ளே விழும், விழுந்ததை மறுபடியும் வார வேண்டும். ஈரமண் தகட்டில் அப்பிக்கொள்ளும், நாலு வெட்டுக்கு ஒரு தடவை குச்சியால் வழிக்க வேண்டும். பிடி குட்டை. ஐம்பது வயதில் ஆள் பாதியாக வளைந்துவிடுவான்.

பெரியதம்பி இதோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டினார். ஹுன்னஸ்கிரியவில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஃபாஸிலிடம் போய்த் தகட்டின் இரண்டு ஓரத்தையும் அறுத்தார். முதல் தகடு கல்லில் பட்டு மடங்கியது. இரண்டாவது கனத்தது. மூன்றாவதில் நடுவே மூன்று ஓட்டை போட்டார்; ஈரமண் ஒட்டாமல் கழன்று விழுந்தது. கழுத்தைக் கொஞ்சம் விரித்து, பிடியை ஒரு முழம் நீட்டியபோது, அதிகம் குனியாமல் வெட்ட முடிந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பதினெட்டு அடி வெட்ட வேண்டும். பத்தரைக்கெல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பார். மம்பட்டியை ஒளித்து வைக்கவில்லை. கான் வெட்டுகிற எல்லாரையும் அவரே ஃபாஸிலிடம் அனுப்பினார். அந்த ஒரு வருஷம் லயத்து ஆண்கள் பகல் சோற்றை வீட்டில் உட்கார்ந்து தின்றார்கள்.

பிறகு விஷயம் தோட்டத்து மேலாளரான தொரைக்குப் போனது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால், தொரை பெரியதம்பியை வெட்டச் சொல்லி மணிக்கூட்டைப் பார்த்தார். கைகொடுத்தார். படமும் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு பேருக்கு முப்பது அடி என்று உத்தரவு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் தனபாலன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டார். உங்கள் ஆள்தானே வெட்டிக் காட்டினான் என்று தொரை சிரித்தார். அதோடு அந்தச் சண்டை செத்துப்போனது.

ஏழு வருஷம் பெரியதம்பியும் அதே முப்பது அடியை வெட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவனும் நிற்கமாட்டான். டிலானி கல்யாணத்துக்கு லயத்திலிருந்து வந்தது மொத்தம் ஆறு பேர். ஏன் காட்டினாய் என்று கேட்டவனிடம் அவர் வாயைத் திறந்ததில்லை. முந்தாநாள் மழையில், இருபத்திரண்டாவது அடியில், மம்பட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நேற்று விடிகாலையில் கண்டி ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

பதினொரு மணிக்குத் தனபாலன் வந்தார். வாசல் படியோடு நின்றுகொண்டார்.

"தங்கச்சி, நானும் சொல்லிப் பாத்துட்டேன். ஒரு பயலும் கேக்க மாட்டேங்குறான்."

"என்னண்ணே சொல்றாங்க?"

"முப்பது அடி வெட்டியே இராமையா முதுகு போயி ஒரு வருசமா படுக்கையில கெடக்கான். அதச் சொல்றானுக. நல்ல பேரு எடுக்கத்தானே தொரைட்ட காட்டுனாரு, தொரையே வந்து குழி வெட்டட்டும்னு..." அவர் தரையைப் பார்த்தார். "என் வாயால சொல்லக் கூடாது."

ரமேஸ் முன்னால் வந்தான். "நான் வந்து மன்னிப்புக் கேக்குறேன் ஐயா. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"நீங்க பல்லேகல ஆளு தம்பி, வெளியாளு. நீங்க விழுந்து என்ன ஆகப்போகுது?"

வீரம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"அம்மா! பொணம் எடுக்குறதுக்கு முன்ன நீ வெளிய போகக் கூடாது" என்று டிலானி கத்தினாள். வீரம்மா திரும்பவில்லை.

மடுவத்தில் ஆண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிலை மென்ற வாய்கள் மட்டும் அசைந்தன. சுவர் ஓரமாக மம்பட்டிகள் சாத்தியிருந்தன. எல்லாம் ஒடுங்கிய வாய், எல்லாவற்றிலும் மூன்று ஓட்டை. அவரைத் திட்டிக்கொண்டே ஏழு வருஷமாக அவர் மம்பட்டியால்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல வீரம்மா வரவில்லை.

"அவரு காட்டல. காட்டுனது நான்" என்றாள்.

தகரத்தில் மழை கொட்டியது. கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தினாள்.

"அவருக்குக் கங்காணி வேல கெடைக்கும்னு நெனச்சேன். தொரைட்ட போயிக் காட்டுங்கன்னேன். தெரிஞ்சா பேருக்கு வெட்டுற அடியக் கூட்டிருவாங்கடின்னு சொன்னாரு. நான் கேக்கல. ஒரு மாசம் அவரோட பேசாம இருந்தேன். அப்பவும் அவரு போகல. நானேதான் கணக்கப்பிள்ளைட்ட போயிச் சொன்னேன். தொரை எல்லார் முன்னாலயும் வெட்டுன்னு சொன்னப்ப அவரு என்ன செய்வாரு?"

இராமையாவின் மகன் சுதேஷ் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "இத ஏன் அந்த மனுசன் ஏழு வருசமா சொல்லல?"

"சொன்னா என்னைய விட்டு வச்சிருப்பீங்களா?"

சுதேஷ் சுவரோரம் போய்த் தன் மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். பிறகு ஏழெட்டுப் பேர். வீரம்மாவைத் தாண்டிப் போகையில் ஒருவனும் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் நனைந்து வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. ரமேஸ் போனில், "பெக்கோ வேணாம் அண்ணே, ஆள் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டிலானி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா என் கல்யாணத்தன்னைக்கி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாரும்மா. யாராச்சும் வருவாங்கன்னு."

"தெரியும்" என்றாள் வீரம்மா.

காலையிலிருந்து எட்டிப் பார்க்காத பெண்கள் இப்போது நான்கு லயத்திலிருந்தும் வந்தார்கள். சேலையைப் பிழிந்துவிட்டு உள்ளே நுழைந்து, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள். வாய் திறக்காத ராசாவே என்று அழுதார்கள். பழியைச் சுமந்த மகராசா என்று அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். இராமையாவின் பெண்சாதி யசோதா டிலானியைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வீரம்மாவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வந்தவர்கள் அதைத் தாண்டிப்போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

பகல் ஒரு மணிகூட ஆகியிருக்காது. தனபாலன் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை உள்ளேயும் வந்தார்.

"குழி முடிஞ்சிருச்சு" என்றார்.

"அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டான் ரமேஸ். வாசலில் வந்து நின்ற ஆட்களின் தோளில் அந்த மூன்று ஓட்டை மம்பட்டிகள் இருந்தன.

எடுக்கிற நேரம் வந்ததும், பெட்டியை மூடுவதற்கு முன் பெண்சாதி முகம் பார்க்க வேண்டும் என்றார் பூசாரி. நெடுநேரம் உட்கார்ந்ததில் வீரம்மாவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. எழுந்திருக்க இரண்டு பக்கமும் கையை நீட்டினாள். பிடிக்க யாரும் வரவில்லை. பிறகு வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.