வெள்ளரிக்காயில் ஊற்றிய கொம்புச்சா

எங்கள் உணவக முதலாளியம்மாவுக்கு எதையும் கீழே கொட்ட மனசு வராது. கொம்புச்சா என்று சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்து விற்கிறோம். கவனிக்காமல் விட்டதில் இரண்டு ஜாடி வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிட்டது. "குடிக்கத்தானே முடியாது? சமையல்ல ஊத்துங்க" என்றார். சொல்கிறவருக்கு வாயா வலிக்கும்? ஒரு வாரமாக வினிகர் ஊற்றும் இடத்திலெல்லாம் அதை ஊற்றினேன். கோழியை ஊறவைத்தேன், வெங்காயத்தை ஊறப்போட்டேன், கடுகு அரைத்து எண்ணெயோடு அடித்து சாலட்டில் கலந்தேன். உண்மையைச் சொன்னால் கோழி பஞ்சாக வெந்தது. அதை வெளியே சொன்னால் மூன்றாவது ஜாடியும் என் தலையில் வந்து விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று மிஞ்சிய வெள்ளரிக்காயை அந்தக் கொம்புச்சாவிலேயே ஊறவைத்து ஒரு டப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாள் முழுக்க நின்று சமைத்துவிட்டு வந்து வீட்டிலும் அடுப்பைப் பற்றவைக்க உடம்பில் தெம்பில்லை.

வீட்டில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. என் கணவர் குடியை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. இன்னொரு தடவை தொட்டால் அவர் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறோம். அதனால் தினமும் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் முன்னால் போய் நிற்பேன். அவர் வாயைத் திறந்து ஊதுவார். நான் மோந்து பார்த்துத் தலையாட்டுவேன். வெட்கங்கெட்ட வேலைதான், இருவருக்கும் சலித்துவிட்டது. ஆனால் நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

இன்று சாயங்காலமும் ஊதினார். புளித்த வாடை குப்பென்று அடித்தது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போதுங்க. இனிமே என்னால முடியாது. துணிய எடுத்து வைங்க."

சத்தியம் செய்வார், சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். நேராக எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசக்கூடாதா?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் காலி டப்பாவோடு வந்தாள்.

"அம்மா, அப்பாவப் பாரேன், மத்தியானத்துல இருந்து வெள்ளரிக்காய் மொத்தத்தையும் தின்னு தீர்த்துட்டாரு. எனக்கு ஒரு துண்டு வைக்கல. இன்னொரு டப்பா கொண்டு வர்றியா?"

வாங்கி மோந்து பார்த்தேன். அதே வாடை. ஒரு வாரமாகக் கொம்புச்சாவிலேயே கையை விட்டு அளைந்தவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த மூக்கு இருந்து என்ன புண்ணியம்!

அறைக்கு ஓடினேன். பையில் நாலு சட்டை மடித்து வைத்திருந்தார்.

"நீங்க குடிக்கல. அந்த வாடை, வெள்ளரிக்காய்ல நான் ஊத்தின கொம்புச்சா," என்றேன். அழுகை வந்துவிட்டது. "குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"குடிச்சிருப்பேன்னுதான் நெனச்சேன். முன்னெல்லாம் குடிச்சது எனக்கே ஞாபகம் இருக்காதுல்ல? காலையில இருந்து எங்கெங்க போனேன்னு யோசிச்சுக்கிட்டே மடிச்சேன். எந்த இடத்துல குடிச்சேன்னுதான் தெரியல."