யார் கட்டிய மெட்டு

லூசியேனின் கறுப்புச் சட்டையில் கழுத்துப் பொத்தான் மட்டும் ஏறவில்லை. ஒதீல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மேடையேறும் முன் எப்போதும் அவள்தான் போட்டுவிடுவாள். "இறுக்காதேடி, மூச்சு முட்டுது" என்பார். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சேத் ஊரின் துறைமுகத்தைப் பனி விழுங்கியிருந்தது. படகுகள் கண்ணில் படவில்லை. அவற்றின் சங்கொலி மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது.

மகள் கிளேர் கதவருகே வந்து நின்றாள்.

"அம்மா, அர்மான் வந்திருக்காரு. கையில கிதார் வேற."

"எந்த முகத்த வச்சிக்கிட்டு வந்தானாம்?"

லூசியேனும் அர்மானும் ஒரு காலத்தில் இந்த ஊர் மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்கிய இளைஞர்கள். ஒரே ரயிலில் பாரிஸுக்குப் போனார்கள். புகை மண்டிய நிலவறைகளில் ஜாஸ் வாசித்தார்கள். லூசியேனின் விரல்கள் பியானோவில் மெட்டை இழைக்கும். அர்மானின் கிதார் பின்னாலேயே நடை போடும். இசைத்தட்டுகள் வந்தன, நியூயார்க் அழைத்தது, லூசியேனுக்குப் பேர் வந்தது. அந்தப் பேரைக் கொடுத்ததே ஒதீலுக்காக அவர் கட்டியதாகச் சொன்ன மெட்டுதான். பின்னொரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் அர்மான், "அது நான் கட்டினது" என்றான். அன்றோடு பேச்சு அறுந்தது. அதற்குப் பிறகு லூசியேன் அந்த மெட்டை வாசிக்கவேயில்லை. கேட்டால், "கைக்கு வரல" என்பார்.

ஒதீல் கீழே இறங்கினாள். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றிருந்தான் அர்மான். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது.

"கோயில்ல வாசிக்கட்டுமா, ஒதீல்?"

"எத?"

அவன் தரையைப் பார்த்தான். "அதத்தான்."

"செத்த மனுஷன்கிட்டயும் சண்டைக்கு நிக்கிறியா?"

"சண்டைக்கு வரல."

காப்பியை ஊற்றி அவன் முன் நகர்த்தினாள். இத்தனை வருஷமும் வாய்வரை வந்து திரும்பிப்போன கேள்வி அப்போது வெளியே விழுந்தது.

"நெஜத்தச் சொல்லு. யாரு கட்டினது?"

"அவன்கிட்ட நீ கேட்டதில்லையா?"

"இல்ல."

"அப்ப எங்கிட்டயும் கேக்காத."

மாதா கோயிலில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அர்மான் உட்கார்ந்தான். வாசிக்கத் தொடங்கினான். ஒதீல் மெட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பின்னணி மட்டுமே நடந்துகொண்டிருந்தது, பனிக்குள் துடுப்புப் போடுவதுபோல. மெட்டின் இடத்தை அவன் அப்படியே விட்டுவைத்திருந்தான். சற்று நேரத்தில் அந்த வெற்றிடத்தில் லூசியேனின் விரல்கள் இறங்கி நடப்பது ஒதீலுக்குக் கேட்கத் தொடங்கியது. பின்பெஞ்சில் ஒரு மீன்காரி கண்ணை மூடித் தலையசைத்தாள்.

மெட்டை விட்டு விலகி லூசியேன் தன் போக்கில் பறந்துபோகும் இடம் வந்தது. அர்மான் சத்தத்தைத் தணித்து, பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தான். ஓரிடத்தில், யாரோ எதிர்பாராத குறும்பு ஒன்றைச் செய்துவிட்டதுபோலச் சிரித்தான்.

வாசித்து முடித்து எழுந்தவன், கடைசி வரிசையில் இடம் தேடினான்.

ஒதீல் தன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.