உதடு தெரியாத நாட்கள்

மாஸ்க்கெல்லாம் போய் வருஷக்கணக்காகியும், குமாரபாளையத்தில் கண்ணுசாமியின் தறிப்பட்டறையில் டீ நேரத்துக்கு ஆட்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் அறிவுச்செல்வி சிரித்து மழுப்பிவிடுவாள். அவளுக்கு அந்த நாட்கள் அப்படியே கண்ணுக்குள் நிற்கின்றன.

அங்கே யார் பேச்சையும் யாரும் காதால் கேட்பதில்லை. விசைத்தறிகள் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. ஊர்வம்பு, சண்டை, ராத்திரிக்கு என்ன குழம்பு, எல்லாம் சத்தமில்லாமல் தறிக்குத் தறி போய்வரும்.

இளவழகன் அவளை மடக்கியதும் அப்படித்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. எதிர்த் தறியில் நின்றவன் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற சாக்கில் நிமிர்ந்து, "என்னயக் கட்டிக்கறயா புள்ள?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். இந்தச் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. பட்டறையே உதடு பார்க்கிற கூட்டம் என்பது மடப்பயலுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. "எங்கப்பனக் கேளுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை தலையும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. முதலாளி கண்ணுசாமி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் மனசுவிட்டுப் பேசியது தறியோரம்தான். வீட்டில் அவள் அடுப்பைப் பார்த்தபடி பேசுவாள், அவன் டிவியைப் பார்த்தபடி "ம்" போடுவான்.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரடங்கு முடிந்து தறி ஓடியபோது ஆளுக்கொரு மாஸ்க். உதடுகள் துணிக்குப் பின்னால் போக, பட்டறை ஊமையாகிவிட்டது. இளவழகனும்தான். வீட்டிலும் அடுப்படியிலிருந்து ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னான், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. தன்மேல் அவனுக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்று அறிவுச்செல்வி முடிவுகட்டினாள். சோறு இறங்கவில்லை. மாஸ்க் ஒழிந்தால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவான் என்று மட்டும் ஒரு நம்பிக்கை.

அதனால் எல்லோரும் இரண்டாவது ஊசி போட்டு முடித்ததும் அவள்தான் முதலில் கொடி பிடித்தாள். கரண்ட் போயிருந்த ஒரு மதியம் அது. இன்னும் எதற்கு வாயைக் கட்டிக்கொண்டு சாவது, இதற்கா கையை நீட்டிக் குத்து வாங்கினோம் என்று கேட்டாள். பாதிப் பேர் அவள் பக்கம். ஊசி போட்டவனுக்கும் வரும், வந்தால் அடுத்தவனுக்கும் கொடுப்பான் என்றது மறுபாதி. நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள், நாளைக்கு என் தலையை உருட்டாதீர்கள் என்று கண்ணுசாமி ஒதுங்கிக்கொண்டார்.

நூல் சுற்றும் சௌந்தர்யா மூலையிலிருந்து எழுந்து வந்தாள். சின்ன வயசு. அம்மா கொடுத்த கிட்னியில் நடமாடுகிறவள். அது நிலைக்கச் சாப்பிடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுமாம். ஊசி அவளுக்கு எவ்வளவு வேலை செய்யும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லையாம்.

"நீங்க கழட்டிக்குங்கக்கா. நான் வேணா வேலைக்கு வராம நின்னுக்கறேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அறிவுச்செல்வியைச் சுட்டது. புருஷன் பேச்சுக்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று கூசிப்போனாள். தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"நீ எதுக்குச் சாமி நிக்கோணும்? நாங்க போட்டுக்கறோம்."

அன்றைய டீயை உள்ளே யாரும் குடிக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், சுற்றுச்சுவரை ஒட்டி ஆளுக்கொரு பக்கம் எட்ட எட்ட நின்றார்கள். சௌந்தர்யா எல்லோருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் மற்றவர்களாக இருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இவர்களுக்கு அது எதற்கு? மாஸ்க்கை இறக்கினார்கள், பேச்சு தொடங்கிவிட்டது. வெட்டவெளியில் ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் அத்தனை பேர் வாயும் அசைந்தது. சுவருக்கு வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்திருந்தால் பைத்தியக்காரக் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள்.

இளவழகன் எதிர்ச் சுவரோரம் நின்று அவளையே பார்த்தான். பிறகு அவன் உதடும் அசைந்தது.

"எனக்குக் காது போயிருச்சு புள்ள. ரொம்ப நாளாச்சு. உன்ற உதட்டப் பாத்துத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ரகசியம் ஏது? ஆனால் அன்றொரு நாள் போல யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. முதலில் சௌந்தர்யா டம்ளரோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கண்ணுசாமி. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

அறிவுச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் தின்ன முடியாமல் கிடந்த சோறெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்தாள்.

"எனக்கும் எடது காது கேக்கறதில்லீங்க. பாதி கேக்காமயே, நீங்க பேசறதே இல்லைன்னு அழுதுக்கிட்டிருந்தேன்."