லேம்ப் ரூமில் ஏது டஸ்ட்

பெட்டியை மூடியாயிற்று, இனி திறக்க முடியாது என்று நகரசபை ஆள் சொன்ன பிறகும் ஏனோக் தன் டையைச் சரிசெய்வதை நிறுத்தவில்லை. கொரோனா சாவு. குழியைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிய தூக்குகிறவர்கள். அவர்களுக்குக் கண்ணாடி முழுக்க வேர்வை ஆவி. டை கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது. இருந்தாலும் சர்ச் கமிட்டிச் செயலாளர் சொந்தத் தம்பியின் அடக்கத்துக்கு டை இல்லாமல் வந்தார் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது.

"சுருக்கமா முடிச்சிடலாங்களா?" பாஸ்டர் டக்ளஸ் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்.

"சுருக்கமாவே போதும் பாஸ்டர். அந்த மைன்ஸ் பாயிண்ட்ட மட்டும் விட்றாதீங்க."

பாஸ்டர் விடவில்லை. "நம் சகோதரன் எட்மண்ட், இந்தத் தங்கவயலுக்காகத் தன் நுரையீரலையே கொடுத்தவர்…"

கல்லறைச் சுவருக்கு வெளியே யாரோ இருமினார்கள். தாமோதரன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். உள்ளே வர அனுமதி இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இந்த ஊரில் டஸ்ட் கௌரவமான நோய். பாறையை உடைத்த தூசி நெஞ்சில் படிந்து வருவது. டஸ்ட்டில் செத்தவன் என்றால் ஊரே எழுந்து நிற்கும். எட்மண்டுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே ஏனோக் அந்த நோய்க்கு ஞானஸ்நானம் செய்து டஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டார். ஒரே ஒரு சங்கடம், எட்மண்ட் ஒருநாளும் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. மேலே லேம்ப் ரூமில் உட்கார்ந்து, கேஜ் என்கிற கூண்டில் இறங்கப்போகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்து, ஏறி வந்ததும் திருப்பி வாங்கி வைத்தவன் அவன். அந்த அறையில் தூசி என்று இருந்தது மேஜை விசிறியில் படிந்ததுதான்.

முதல் பிடி மண் பெட்டிமேல் விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஏனோக்குக்கு ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்தது.

"ஐம்பத்திரெண்டு வயசுதானே, இவ்வளவு சீக்கிரம் மோசமாகக் கூடாதே," என்று அந்தச் சின்ன டாக்டர் கேட்டார். கன்னடக்காரர், தமிழை எண்ணி எண்ணிப் பேசினார். "வேற காயிலே, அதான் நோய், ஏதாவது உண்டா? ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"சுகர் இருக்குது டாக்டர். அப்புறம் டஸ்ட்டு."

"டஸ்ட்டா? அது ஏனு?"

எட்மண்ட் கையைத் தூக்கினான். ஆக்சிஜன் மாஸ்க்கை மெதுவாக விலக்கி, டாக்டரைப் பார்த்து வாயைத் திறந்தான். ஏனோக் குனிந்து மாஸ்க்கை மறுபடி மூக்கின்மேல் வைத்து அழுத்தினார்.

"பேசாதடா. ஆக்சிஜன் வேஸ்ட்டாவுது."

எட்மண்ட் அண்ணனை ஒருமுறை பார்த்தான். சின்ன வயதிலிருந்தே சொன்னதைக் கேட்கிறவன். கையை இறக்கிவிட்டான்.

"முடிஞ்சிதுங்க," என்றார் பாஸ்டர்.

கேட்டுக்கு வெளியே தாமோதரன் காத்திருந்தார். தள்ளி நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னா ஏனோக்கு, லேம்ப் ரூம்ல ஏதுப்பா டஸ்ட்டு?"

"இல்லண்ணா, அது வந்து…"

"எனுக்குத் தெரியும்பா. நம்ம லைன் வீடுங்க மொத்தத்துக்கும் தெரியும். எட்மண்டே சொன்னான். பாப்பம்மா டீக்கடைல, 'எனக்குத் தனி கிளாஸ் குடும்மா'ன்னு கேட்டான். அந்தம்மா, 'தனி கிளாஸுக்கு நான் எங்கடா போவேன், இதுலயே குடிச்சிட்டுப் போ'ன்னுச்சி."

"அப்ப எல்லாரும் என்கிட்ட டஸ்ட்டு எப்படிக் கீதுன்னு கேட்டது?"

"உனுக்கோசரம்தான். 'அண்ணன் நாலு பேரு முன்னாடி நிக்கிறவரு, கூச்சப்படுவாரு, டஸ்ட்டுன்னே சொல்லுங்க'ன்னு அவன்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தான்." தாமோதரன் சிரிக்கப் பார்த்தார்; இருமலாகத்தான் வந்தது. "நான் நெஜ டஸ்ட்டுக்காரன். என்னுதுல கொஞ்சம் அவனுக்குக் கடன் குடுத்தேன்னு வெச்சிக்கோ. சரி, அந்த மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டுனுதான இருந்தான்?"

ஏனோக் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒழுங்காகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், மாத்திரை வாங்கக் கோலாருக்குப் பஸ் ஓடியவரை. லாக்டவுனில் பஸ் நின்றதும், உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற பியூலா சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். போகக் கூடாது என்றார் ஏனோக். பிறகு மாத்திரை மையத்திலிருந்து அனில் என்ற பையன் வீட்டுக்கே வந்தான். அவன் பைக்கின் முன்னால் கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், எச்.ஐ.வி.க்கான சிவப்பு ரிப்பன். வாசலில் அந்த வண்டி நின்றதைப் பார்த்து ஏனோக்குக்கு உடம்பே கூசிற்று. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்.

அனில் போனில் கெஞ்சினான். "சார், மாத்திரைய விடாம சாப்பிட்டா கொரோனா வந்தாகூட தாங்கிடுவாரு. விட்டுட்டா எதிர்ப்பு சக்தி விழுந்துடும். சுகர் வேற கீது. ரிஸ்க்கு சார்." ஏனோக் அதற்குப் பிறகு அந்த நம்பரை எடுப்பதில்லை. தீர்ந்துபோச்சுண்ணா என்று எட்மண்ட் வந்து நின்றபோது, லாக்டவுன் முடியட்டும்டா, கொஞ்ச நாள்தானே என்றார். கொஞ்ச நாள் மாதக்கணக்கில் நீண்டது. எட்மண்ட் மறுபடி கேட்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டைத் தெரு காலியாகக் கிடந்தது. வீட்டு வாசலில் பைக் நின்றிருந்தது. அனில் அதன் பக்கத்தில் நின்று, சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

"டையெல்லாம் கட்டியிருக்கீங்க, மீட்டிங்கா சார்?"

ஏனோக்கின் கை டை முடிச்சுக்குப் போயிற்று.

"எட்மண்ட் அண்ணா போன் சுவிட்ச் ஆஃப்ல கீது. அதான் நேர்ல வந்துட்டேன். மாத்திரைய சேத்தே எடுத்தாந்திருக்கேன் சார், கொஞ்ச நாளைக்குக் கவலையில்ல." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஸ்டிக்கரக் கிழிச்சிட்டேன் சார். நீங்க அன்னிக்கு வருத்தப்பட்டீங்கல்ல. இனிமே யாருக்கும் தெரியாது."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. ஏனோக் வாயைத் திறந்தார். டஸ்ட் என்ற, பழகிப்போன அந்த வார்த்தை நாக்குவரை வந்து நின்றது.

அவர் கண் வண்டியின் முன்பக்கம் போயிற்று. ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் போகவில்லை. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றில் வருகிற வெள்ளைத் தூசி அந்தப் பசையில் ஒட்டி, அதே ரிப்பன் வடிவத்தில் படிந்திருந்தது.

ஏனோக் குனிந்து கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.