காற்று மட்டும் வந்த இடம்

ஒலிப்பதிவுக் கூடத்தில், அன்றைய கச்சேரியின் பதிவில் அந்த இடம் வந்ததும் யூட்டா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பயனில்லை, மடியிலிருந்தும் கேட்டது. கிஸ்பெர்ட்டின் ட்ரம்பெட் மேலே மேலே ஏறிப் போய், ஓரிடத்தில் சுரம் உதிர்ந்து வெறும் காற்றாகிறது. பிறகு ஒரே துண்டுச் சுரம், வாய் திக்குவதுபோல, திரும்பத் திரும்ப. அதை அவளுடைய ஆளுயர டபுள் பாஸ் தன் வில்லால் அள்ளி எடுக்கிறது. பின்னால் வில்ஃப்ரீட் டிரம்ஸின் தோலை விரல் நுனியால் தேய்க்கிறான். அந்த உடைந்த துண்டை மூவருமாக யாரும் போயிராத ஓரிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

"முழுசாக் கேளு," என்றான் வில்ஃப்ரீட். "நாப்பது வருஷமா இந்த வூப்பர்டால் ஊர்ல இருக்கற பொந்துலயெல்லாம் வாசிச்சாச்சு. இப்படி ஒண்ணு அமைஞ்சதில்ல. ரெக்கார்டு கம்பெனிக்காரன் வெளியிடாம விட மாட்டேங்கறான்."

"அது பக்கவாதம், வில்ஃப்ரீட்."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்குத் தெரியலையே. தெரியாம வாசிச்சது குத்தமா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நல்லா இருந்தப்ப அவன் ஒருநாளும் இப்படி ஊதல. யாராவது சொல்லித்தானே ஆகணும்."

அவளுக்கு அவனை அறையத் தோன்றியது. அவன் சொன்னது உண்மை என்பதால்தான்.

எழுதிவைத்த இசை என்றால் ஒரு சுரம் பிசகினாலும் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தந்தக் கணத்தில் தோன்றியபடி இவர்கள் வாசித்ததில் பிசகு என்பதே கிடையாது. ஒருவர் கைதவறிப் போட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவர்களுடைய ஒரே சட்டம், பெருமையும்கூட. அன்று மேடையில் கிஸ்பெர்ட் அவள் பக்கம் திரும்பினான். கண்கள் அகன்றிருந்தன. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தப் பார்வைக்கு ஒரே பொருள்தான்: வா. அவள் போனாள். சந்தோஷம் தாளாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். பிறகு ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். கைதட்டலின்போது விழுந்தான் என்றார்கள் இருவரும். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லையா, கூடவே இருந்தீர்களே என்றாள் அவள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பேச்சையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது யூட்டாவிடம் மட்டும்தான். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

இசைத்தட்டு வெளிவர கிஸ்பெர்ட்டின் சம்மதம் வேண்டும். "நீயே போ. என்னைப் பார்த்தா ஹெட்விக்குக்குப் பத்திக்கிட்டு வரும்," என்று வில்ஃப்ரீட் கழன்றுகொண்டான்.

ஞாயிறு பிற்பகல் மேட்டுத்தெருவில் ஏறி அவள் மணியை அடித்தபோது கிஸ்பெர்ட்டின் மனைவி ஹெட்விக் கதவைத் திறந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். பிளம் கேக்கும் காப்பியும் மேசையில் இருந்தன. ஜன்னலோரம் சாய்நாற்காலியில் கிஸ்பெர்ட். வலது கையை யாரோ தலையணைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"ஆமா ஆமா," என்றான் அவளைப் பார்த்ததும்.

"அடையாளம் தெரியுதே!" என்று யூட்டா குனிந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

"தெரியுதோ என்னவோ," என்றாள் ஹெட்விக், காப்பியை ஊற்றியபடி. "மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். பசிச்சாலும் ஆமா ஆமா, மூத்திரம் முட்டினாலும் ஆமா ஆமா. நேத்து கதவிடுக்குல விரல் நசுங்கிடுச்சு, அதுக்கும் ஆமா ஆமா."

யூட்டா அவன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சொல்லப் பழகிவந்ததை விட்டுவிட்டு நேராகக் கேட்டாள். "கிஸ்பெர்ட், அன்னிக்கு வாசிச்சதை வெளியிடணும்ங்கறாங்க. உனக்குச் சம்மதமா?"

"ஆமா ஆமா."

ஹெட்விக் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "போதுமா? கையெழுத்துக்குப் பேனா தரட்டுமா? இப்ப, வேண்டாமான்னு கேட்டுப் பாரு."

யூட்டா கேட்கவில்லை.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், நான் வரல," என்றாள் ஹெட்விக். "ஊரே கேட்டுருக்கு, நான் கேக்கல. போடு."

கம்பெனிக்காரர்கள் வெட்டி ஒழுங்குபடுத்திய பதிவு ஒன்று யூட்டாவின் செல்போனில் இருந்தது. வில்ஃப்ரீட் கடைசியாக அடித்த தாளத்தட்டு அதிர்ந்து அடங்கும் இடத்தில் அது முடிந்துவிடும். வெட்டாத பதிவும் இருந்தது. அவள் விரல் ஒரு கணம் தயங்கி, வெட்டாததைத் தொட்டது.

ஹெட்விக் நின்றபடியே கேட்டாள். காற்று மட்டும் வந்த இடத்தில் கையை உயர்த்தினாள். "இங்கயா?"

"இங்கதான்."

"சிரிக்கறது யாரு?"

"நான்."

கிஸ்பெர்ட்டின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. யூட்டா எழப்போனாள். "உக்காரு. அது நரம்பு. சமையல் நிகழ்ச்சி பார்த்தாலும் வரும்," என்றாள் ஹெட்விக். இடக்கையால் நாற்காலிக் கையை அவன் தட்டிக்கொண்டிருந்தான். தாளத்துக்கா, வலிக்கா, நிறுத்தச் சொல்லியா? நாற்பது வருடம் அவன் மூச்சு இழுப்பதைப் பார்த்தே அடுத்த சுரத்தைச் சொன்னவளுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஹெட்விக், உயர்த்திய கையை இறக்கி. "நாசமாப் போக, நல்லாத்தான் இருக்கு. வெளியிடுங்க. ஆனா பாட்டு முடிஞ்ச இடத்துல வெட்டக் கூடாது. அதுக்கப்புறம் நடந்ததும் இருக்கணும். இல்லன்னா வேண்டாம்."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க, ஹெட்விக்."

"நீ?"

யூட்டா பதில் சொல்வதற்குள் தாளத்தட்டு ஒலித்து அடங்கிவிட்டது. அரங்கம் ஆர்ப்பரித்தது; யாரோ சீழ்க்கை அடித்தார்கள். அதற்குள்ளேயே ஏதோ உலோகம் தரையில் விழுந்து உருண்டது. நாற்காலிகள் இழுபட்டன. வில்ஃப்ரீடின் குரல் கிஸ்பெர்ட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, பிறகு கத்தியது. கைதட்டல் முன்வரிசையில் நின்று, நடுவில் நின்று, ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டே போனது. ஹெட்விக் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கோ கடைசி வரிசையில், ஒன்றும் தெரியாத யாரோ ஒருவர், இன்னும் மனமாரத் தட்டிக்கொண்டிருந்தார்.